புரட்டாசியில் ஒரு போகி
பழவேற்காட்டு மீனவர் இல்லங்களில் சாமான் குறைத்தல்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

திருவள்ளூர் ஜில்லா, பொன்னேரி தாலூகாவின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு ஏரி உள்ளது. ஒடிஷாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரிக்கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டிலும் மீனவர் குப்பங்கள் பல இருக்கின்றன. மீனவர் வீட்டுப் பரணைப் பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்கள் வினவலாம். மீன் கழிவை எருவாக்கும் முறையைச் செய்து காட்டும் பொருட்டு இக்குப்பங்களுக்குச் சென்ற நான், வீட்டிற்கு வெளியே கிடக்கும் குப்பையைக் காட்டிலும் உள்ளே கிடப்பது அதிகம் என்பதைக் கண்டேன். அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

சாமான் சேருவதற்குக் காரணம்

இதற்கு மீனவரின் சோம்பலைக் காரணமாகக் கூறுதல் தவறு. முற்காலத்தில் அவர்கள் வீட்டிலிருந்த பொருள்கள் தாமாகவே வெளியேறிவிடும். பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, எவ்வளவு பாதுகாத்தாலும், சில பருவங்களில் அது இற்றுப்போகும். மண்பானை உடைந்து மண்ணோடு சேரும். பனையோலைக் கூடை மக்கும். கூரை ஓலையை மாற்றும்பொழுது பழைய ஓலை அடுப்புக்குப் போகும். ஆகவே எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே அக்காலத்தில் ஏற்படவில்லை.

1960-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நைலான் வலை பரவத் தொடங்கியது. அது கிழியும், ஆனால் மக்காது. பிளாஸ்டிக் குடமும், தெர்மோகோல் பெட்டியும் அவ்வாறே. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபின், கடலோரக் கிராமங்களுக்கு உடுத்த முடியாத பழந்துணிகள்கூடக் குவியல் குவியலாக வந்து சேர்ந்தன. 2006-க்குப் பின் சர்க்கார் வழங்கிய தொலைக்காட்சிப் பெட்டியும், 2011-க்குப் பின் வழங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறிகளும் பழுதானபின் பல வீடுகளில் பரணேறிவிட்டன. பொருள் தானாகப் போன காலம் மாறிவிட்டது. இனி நாமே அதை அனுப்பிவைத்தால்தான் போகும். இந்த ஒரு மாறுதலை உணர்ந்துகொண்டால் மற்றவை எளிது.

இதனால் விளையும் தீமைகள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. புயலும் பெரும்பாலும் அப்போதே வருகிறது. வீட்டை விட்டு உடனே மேட்டுப் பகுதிக்குச் செல்லுமாறு உத்தரவு வந்தால், குடும்ப அட்டையும் படகுப் பதிவுப் புத்தகமும் எங்கேயென்று தேடுவதிலேயே பொழுது கழிந்துவிடுகிறது.

இதை நான் பிறரைக் குறைகூறும் நோக்கத்தோடு எழுதவில்லை. 2023-ம் வருஷம் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் பெருமழை பெய்தபொழுது என் வீட்டினுள்ளும் கணுக்காலளவு தண்ணீர் புகுந்தது. எனது டிப்ளமா சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. அப்பெட்டியோ, என்றைக்காவது உதவும் என்று பதினைந்து வருஷமாகச் சேர்த்துவைத்த விதைப்பைகளுக்கும் பழைய துண்டுப்பிரசுரங்களுக்கும் அடியில் இருந்தது. பெட்டியை எடுப்பதற்குள் காகிதங்கள் ஊறிவிட்டன. ஊராருக்கு ஒழுங்கைப் போதிப்பவன் வீட்டின் நிலைமை இது! என் மனைவி அன்று ஒன்றும் கூறவில்லை. அதுவே எனக்குப் போதுமான தண்டனையாயிற்று.

இரண்டாவது தீமை நோய். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, உடைந்த ஐஸ் பெட்டி, பழைய டயர், மூடியற்ற குடம் ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் பெருகுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே ஆகும். வலைக் குவியலில் எலி கூடுகட்டும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

மூன்றாவது, ஸ்திரீகளுக்கு ஏற்படும் வீண் பிரயாசை. விடியுமுன் எழுந்து, மீனைத் தரம்பிரித்து, கூடையுடன் சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்மணி, ஒரு பாத்திரத்தை எடுக்க நான்கு பாத்திரங்களை இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது. இந்த உழைப்பிற்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

எப்பொழுது செய்வது?

பழையன கழிப்பதற்குத் தமிழரிடையே போகிப் பண்டிகை உண்டு. ஆனால் அது ஜனவரி மாதத்தில், மழையும் புயலும் ஓய்ந்தபின் வருகிறது. கடலோரக் குடும்பங்களுக்கு அது பிந்திய காலமாகும். எனவே புரட்டாசி மாதத்தில், மழை தொடங்குமுன், ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிவைத்தல் நலம். இது எந்த மதத்தின் பண்டிகையும் அன்று. ஆதலால் எல்லாக் குடும்பத்தாரும் கைக்கொள்ளலாம். போகியன்று செய்வதுபோல் எதையும் கொளுத்தக் கூடாது. நைலானையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால் நச்சுப் புகை எழும்.

செய்யும் முறை

1. வீட்டிலுள்ளவற்றை ஒவ்வொரு மூலையாக வெளியே எடுத்து நான்கு குவியலாகப் பிரிக்கவும்: நாள்தோறும் உபயோகிப்பவை, பருவத்துக்கு மட்டும் வேண்டியவை, பழுது பார்க்க வேண்டியவை, கழிக்க வேண்டியவை. ஒரே நாளில் முழு வீட்டையும் கலைத்துவிட்டு மாலையில் திகைக்க வேண்டாம். முதல் நாள் அடுப்பங்கரை, அடுத்த நாள் பரண் என்று செய்வது உத்தமம்.

2. பழுதுபார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு மாதம் தவணை கொடுக்கவும். அதற்குள் பழுதுபார்க்கப்படாத பொருள் கழிக்கும் குவியலுக்குச் செல்ல வேண்டும்.

3. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பட்டா, பாங்குப் புத்தகம், படகுப் பதிவுப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் இட்டு, வாசலுக்கு அருகே, ஆள் உயரத்திற்கு மேல் மாட்டிவைக்கவும். அது எங்கே இருக்கிறதென்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

4. கிழிந்த வலையிலிருந்து மிதவை, ஈயக்குண்டு, நல்ல கயிறு ஆகியவற்றைப் பிரித்து எடுத்துக்கொள்ளவும். மீந்த நைலானை எடைக்கு வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம். ஏரியில் மாத்திரம் எறியலாகாது. எறிந்த வலை அங்கேயும் மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கும். அவை எவருக்கும் பயன்படாமல் மடியும்.

5. பழுதான மின்சாரச் சாமான்களை உடைத்துச் செம்பு எடுக்க முயல வேண்டாம். மின்கழிவு சேகரிப்போரிடம் முழுதாகவே ஒப்படைக்கவும்.

மக்கும் கழிவு

கழிக்கும் குவியலில் மக்கக்கூடியவை எருவுக்குரியவை. ஏரிக்கரையில் நிலத்தடி நீர் மேலாகவும் உவராகவும் இருப்பதால் குழி தோண்ட வேண்டாம். மேடான இடத்தில் செங்கல் அடுக்கி, அரையடி உயரம் சருகும் தென்னை மட்டைத் துண்டும் பரப்பி, அதன்மேல் இரண்டங்குலம் மீன் கழிவிட்டு, மண்ணால் மூடி, இவ்விதமே மாற்றி மாற்றி அடுக்கவும். உப்பிட்ட மீனின் கழிவாயின் முதலில் நல்ல நீரில் அலசிக்கொள்ளவும். மண்மூடி இருந்தால் ஈ மொய்க்காது. மேலே முள் போட்டால் நாய் கிளறாது. மாதம் ஒருமுறை புரட்டி வந்தால் மூன்று நான்கு மாதங்களில் எரு தயாராகும்.

சிறிதளவே கழிவு உள்ளவர்கள், அதனுடன் சம எடை வெல்லம் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் மூன்று முதல் ஐந்து வாரம் வைத்திருந்து வடிகட்டினால் மீன் அமிலம் கிடைக்கும். 10 லிட்டர் நீருக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர் வீதம் கலந்து கீரைக்கும் கத்தரிக்கும் தெளிக்கலாம்.

ஓர் ஆட்சேபனை

ஒரு குப்பத்தில் முதிய அம்மையார் ஒருவர், பரணிலிருந்த பழைய நூல் வலையை இறக்க மறுத்துவிட்டார். “தம்பி, இது அவர் கையால் பின்னியது. இது எந்தக் குவியலில் சேரும், சொல்லுங்கள்” என்றார். என்னிடம் விடை இல்லை. நான்கு குவியல் வகுத்தவன் ஐந்தாவதை மறந்துவிட்டேன். பின்னர் அவரே அவ்வலையில் ஒரு முழமும், வலை பின்னும் ஊசியும் எடுத்து, சிறு ஓலைப்பெட்டியில் இட்டு, காகிதப் பைக்கு அருகே மாட்டினார். எஞ்சிய வலை எருமேட்டுக்கு வேலியாயிற்று. பருத்தி நூலாதலால் காலக்கிரமத்தில் அதுவும் மக்கும். நினைவுக்குரிய பொருளைக் கழிக்கச் சொல்வது என் கருத்தன்று. அது குவியலுக்கடியில் நசுங்கிக் கிடப்பதைவிடக் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதே அதற்கு மரியாதை.

மறுபடி சேராதிருக்க

ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்பது எளிய விதி. பெரிய அண்டா, ஏணி, நீர் இறைக்கும் மோட்டார் போன்றவை ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டுவதில்லை. ஐந்து வீட்டுக்கு ஒன்று போதும். எவரிடம் எந்நாளில் இருப்பது என்ற சச்சரவு எழுமே என்பர். பழவேற்காட்டாருக்கு இதைக் கற்பிக்கத் தேவையில்லை. ஏரியில் எந்த இடத்தில் எவர் எந்நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு அவர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. ஏரியையே முறைவைத்து ஆள்பவர்களுக்கு ஓர் அண்டாவை முறைவைப்பது பெரிய காரியமன்று.

ஆகையால் அடுத்த புரட்டாசியில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுமாறு குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். சாமான் குறைந்த வீட்டில் கொசு குறையும், உழைப்பு குறையும். நடுநிசியில் எச்சரிக்கை வருமாயின், ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாகப் புறப்பட்டுவிடலாம்.