பரிசுக் கோழியைப் பார்க்கும் கண்

கடைக்குப் போய்க் கோழி வாங்குகிறவர் பார்ப்பது எடை ஒன்றைத்தான். கிலோ என்ன விலை, தோலோடு வேண்டுமா, உரித்து வேண்டுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிராமத்தில் பிறந்தவராக இருந்தால் கோழியைத் தூக்கி, நெஞ்சைத் தடவிப் பார்த்து, "நல்ல விடைக்கோழி" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வார். ஆனால் ஒரு கோழியைக் கூண்டில் நிறுத்தி, கொண்டை முதல் கால் விரல் வரை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, 100 மதிப்பெண்ணுக்கு இத்தனை என்று தீர்ப்புச் சொல்லும் கலை ஒன்று உலகில் இருக்கிறது. அதற்கென்று புத்தகம் உண்டு, பரீட்சை உண்டு, பரீட்சையில் தேறிய நடுவர்கள் உண்டு. அந்தக் கண் எப்படிப் பழகி வருகிறது? அந்தக் கண்ணால் கோழிக்கு விளைந்தது நன்மையா, தீமையா? அந்தக் கதை சாப்பாட்டுத் தட்டு வரை வந்து நிற்கிறது.

சண்டைக் களத்திலிருந்து பந்தலுக்கு

இங்கிலாந்தில் 1835-ம் ஆண்டு சேவல் சண்டை சட்டப்படி தடை செய்யப்பட்டது. சேவல் வளர்த்தவர்களுக்குச் சேவல் மீதிருந்த ஆசை சட்டத்தோடு போய்விடவில்லை. சண்டையில் காட்டிய போட்டியை அழகில் காட்டத் தொடங்கினார்கள். 1845-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது. அதே சமயத்தில் சீனாவிலிருந்து காலெல்லாம் இறகு முளைத்த பெரிய கோழிகள் வந்து இறங்கின. விக்டோரியா மகாராணியே அவற்றை வளர்க்கத் தொடங்கியதும் நாடெங்கும் கோழிப் பித்துப் பிடித்துக் கொண்டது. அந்தச் சீனக் கோழிக்கு 'கொச்சின்' என்று பெயர். நம் கொச்சிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 'பிரம்மா' என்ற இனமும் அப்படித்தான். பெயர் பிரம்மபுத்திரா நதியிலிருந்து வந்தது. இனம் உருவானதோ அமெரிக்காவில்.

இது பிரபுக்களின் பொழுதுபோக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். லங்காஷயர், யார்க்ஷயர் பகுதிகளில் தறி நெய்த தொழிலாளிகள் அதற்கு வெகு காலம் முன்பே புள்ளிக் கோழிகளை வளர்த்துத் தங்களுக்குள் போட்டி நடத்தினார்கள். இறகின் நுனியில் உள்ள கறுப்புப் புள்ளி நிலாவைப் போல வட்டமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. அதனால் அந்தக் கோழிக்கு 'மூனி' என்றே பெயர். பிற்காலத்தில் 'ஹாம்பர்க்' என்று புகழ்பெற்ற இனத்துக்கு இந்தத் தொழிலாளிகளின் கோழிகளே மூலம்.

ஊருக்கு ஒரு விதி இருந்தால் தீர்ப்புக்கு ஒரு சண்டை வரும். ஆகவே 1865-ல் டெகெட்மியர் என்பவர் ஒவ்வோர் இனத்தின் இலக்கணத்தையும் தொகுத்து முதல் புத்தகத்தைக் கொண்டு வந்தார். கோழி, புறா வளர்ப்பு பற்றி விஞ்ஞானி டார்வினுக்குத் தகவல் திரட்டித் தந்தவரும் இவரே. அமெரிக்காவில் 1873-ல் பஃபலோ நகரில் கோழி வளர்ப்போர் சங்கம் கூடியது. அடுத்த ஆண்டே அவர்களது இலக்கண நூலும் வெளிவந்தது. திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு அது இன்றும் வழக்கில் இருக்கிறது.

கண் பாதி, கை பாதி

நடுவராக விரும்புகிறவர் முதலில் புத்தகத்தை மனப்பாடம் செய்தால் போதாது. அனுபவமுள்ள நடுவர் ஒருவரின் பின்னால் எழுத்தராக நின்று, அவர் சொல்வதைக் குறித்துக் கொண்டே போக வேண்டும். அமெரிக்காவில் இவ்விதம் பயின்று, பிறகு பரீட்சையிலும் தேறினால்தான் உரிமம்.

நடுவர் கூண்டின் அருகே உடனே போவதில்லை. தள்ளி நின்று கோழி தானாக நிற்கும் நிலையைப் பார்க்கிறார். முதுகின் வளைவு, கழுத்தின் நிமிர்வு, வாலின் கோணம் எல்லாம் சேர்ந்த உருவம்தான் இனத்தின் அடையாளம். "உருவம் இனத்தைக் காட்டும், நிறம் வகையைக் காட்டும்" என்பது அவர்களுடைய பாலபாடம். நிறத்தில் மயங்கி உருவத்தை மறப்பவன் புதியவன்.

பிறகு கோழியைக் கையில் எடுக்கிறார். இறக்கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, கால்களை விரல்களுக்கு இடையே அடக்கி, எடை முழுவதும் உள்ளங்கையில் தங்கும்படி தூக்குகிறார். இனி கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கை பார்க்கும். நெஞ்செலும்பு நேராக இருக்கிறதா? சதை உறுதியாக இருக்கிறதா, நீர் கோத்தாற்போலத் தொளதொளவென்று இருக்கிறதா? சிறகை விசிறிபோல விரித்தால் நடுவில் இடைவெளி தெரிகிறதா? இறகை ஊதிப் பார்த்தால் அடியில் பேன் ஓடுகிறதா? கொண்டையின் பக்கத்தில் வேண்டாத முளை, ஒருபக்கம் சாய்ந்த வால், கோணல் முதுகு இவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற அழகெல்லாம் வீண். இறகுக்குச் சாயம் பூசியிருப்பது தெரிந்தால் வெளியேற்றம்தான். திரும்ப வைக்கும்போது தலை முன்னால் போகும்படி மெதுவாக உள்ளே விடுகிறார். கோழியை மிரள விடும் நடுவருக்கு வளர்ப்பவர்களிடம் மதிப்பு இல்லை.

தன் குஞ்சு பொன் குஞ்சு

பிறர் கோழியில் குறை கண்டுபிடிப்பது சுலபம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? வளர்ப்பவர் கற்க வேண்டிய கடினமான பாடம், தன் கூண்டின் முன்னால் அயலாரைப் போல நிற்பது. தீனி போட்டு வளர்த்த கையாலேயே, "இது இனத்துக்கு ஆகாது" என்று பத்தில் எட்டைத் தள்ளிவைக்கத் துணிய வேண்டும். அதற்கு ஞாபகத்தை நம்ப முடியாது. எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எந்த முட்டை என்று நோட்டில் எழுதி, 21-ம் நாள் பொரிக்கும் குஞ்சுக்கு அடையாளமிட்டு வருகிறவரே முன்னேறுகிறார்.

ஆசைப்பட்டபடியெல்லாம் இயற்கை வளைந்து கொடுக்காது என்பதற்கு நீல அந்தலூசியன் கோழி நல்ல உதாரணம். காட்சிக்கு வேண்டியது நீலச் சாம்பல் நிறம். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நான்கு குஞ்சில் இரண்டுதான் நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று கறை தெளித்தாற்போன்ற வெள்ளை. எத்தனை தலைமுறை கழித்துக் கட்டினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. காரணம் புரியாமல் பலரும் திண்டாடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெண்டலின் பாரம்பரிய விதிகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த பிறகே விடை கிடைத்தது. வேண்டாம் என்று ஒதுக்கிய கறுப்பையும் கறை வெள்ளையையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சு அத்தனையும் நீலம்! குப்பை என்று தள்ளியதில்தான் பரிசு ஒளிந்திருந்தது.

அழகுக்குக் கொடுத்த விலை

நடுவர் எதற்கு மதிப்பெண் கொடுக்கிறாரோ அது வளர்கிறது; எதைக் கவனிக்கவில்லையோ அது தேய்கிறது. முகம் வெளுத்த ஸ்பானியக் கோழி ஒரு காலத்தில் முட்டைக்குப் பேர்போனது. அதன் வெள்ளை முகம் பெரிதாக, வழவழப்பாக இருந்தால் பரிசு என்றானது. முகம் பெரிதாகிக் கொண்டே போயிற்று. குஞ்சுகள் நோஞ்சானாகிக் கொண்டே வந்தன. கடைசியில் பரிசு மிஞ்சியது. வளர்க்க ஆள் மிஞ்சவில்லை.

இது அழகுப் போட்டிக்கு மட்டும் உரிய குற்றமும் அல்ல. அமெரிக்காவில் 1948-லும் 1951-லும் 'நாளைய கோழி' என்று பெரும் போட்டி நடந்தது. அங்கே இறகுக்கும் கொண்டைக்கும் மதிப்பில்லை. நெஞ்சும் தொடையும் பருத்த கோழி எப்படி இருக்க வேண்டும் என்று மெழுகில் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். சீக்கிரம் வளர வேண்டும், சதை நிறைய வேண்டும் என்பதே இலக்கணம். முதலிடம் பெற்றது கார்னிஷ் ரத்தம் கலந்த கோழி. இன்று ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டும் பிராய்லர் கோழி அந்த இலக்கணத்தின் குழந்தை. உடலின் பாரத்தைத் தாங்க மாட்டாமல் காலும் இதயமும் தளரும் உபாதையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

அசிலின் வம்சம்

கார்னிஷ் என்பது யார்? இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இந்தியாவின் அசில் சேவலை உள்ளூர்ச் சண்டைக் கோழியோடு கலந்து உண்டாக்கிய இனம் அது. அங்கே அதற்கு 'இந்தியன் கேம்' என்றே பெயர். சண்டைக்கு ஆகாத அந்தக் கலப்புக்கு வாய்த்த அகன்ற நெஞ்சை முதலில் போற்றி வளர்த்தவர்கள் கண்காட்சிக்காரர்கள். இங்கிருந்து கடல் தாண்டிப் போன ரத்தம், பிராய்லர் வடிவில் திரும்பி வந்து பெங்களூரிலும் மும்பையிலும் கடைக் கூண்டுகளில் அடைபட்டிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் அந்தப் பழைய கண் மங்கிவிடவில்லை. அசில் வழியில் வந்த கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களைத் திண்டுக்கல் வட்டாரம் போன்ற இடங்களில் அழகுக்காகவே வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டு வருகிறார்கள். கிளியைப் போல வளைந்த குறு மூக்கு, தரையை நோக்கித் தழைந்த நீள வால், உயரம், கண், நிறம் என்று அங்கும் உறுப்பு உறுப்பாகத்தான் தீர்ப்பு. விலங்குகளைச் சண்டைக்கு ஏவுவதை 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கத்தி கட்டாமல், ரத்தம் சிந்தாமல் சேவல் மீதுள்ள ஆசையைத் தீர்த்துக் கொள்ள இது கௌரவமான வழி.

ஊரில் ஒரு துண்டு நிலமும் நான்கு கூண்டும் வைத்து இந்தப் பழக்கத்தில் இறங்க நினைப்பவர்கள், முதலில் ஒரே இனத்தைப் பிடித்துக் கொள்வது நல்லது. வாங்குவதற்கு முன் பல வளர்ப்பாளர்களின் கோழிகளைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். கூண்டில் நிமிர்ந்து நிற்பதை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணக் கூடாது. மூக்கு வளைந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே நேரத்தில், அந்த மூக்கால் தானியத்தைச் சரியாகக் கொத்த முடிகிறதா, நீண்ட வாலைச் சுமந்து கொண்டு சேவல் ஓட முடிகிறதா, பெட்டை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். இந்தக் கேள்விகளுக்கும் மதிப்பெண் போடுகிற வளர்ப்பாளரிடம்தான் பரிசும் நிலைக்கும், இனமும் நிலைக்கும்.