மதர்போர்டு பூட்டுகிறீர்களா? அவசரம் வேண்டாம்!

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் நம்மவர்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், ஒரு நிமிட அவசரத்தில் வீணாகிவிடக் கூடாது.

முதல் ஆபத்து, பிராசசர் அமரும் சாக்கெட்டில் இருக்கிறது. 2021-ல் இன்டெல் கொண்டுவந்த எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில், தலைமுடி போன்ற 1,700 பின்கள் உள்ளன. அடையாளம் பார்த்து நேராக வைத்தால், பிராசசர் தானாகவே அமர்ந்துகொள்ளும். சாய்ந்து விழுந்தாலோ, விரல் பட்டாலோ பின் வளைந்துவிடும். பிறகு கியாரண்டி கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது ஆபத்து, போர்டின் அடிப்புறத்தில். அங்குள்ள ஈயப் பற்றுகள் பெட்டியின் தகட்டில் பட்டால் 'ஷார்ட்' ஆகும். அதைத் தடுக்கவே சிறு பித்தளைத் தாங்கிகள் தருகிறார்கள். போர்டில் துளை இருக்கும் இடங்களில் மட்டும் அவற்றை முடுக்குங்கள். துளையில்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் போர்டு கெட்டுப்போகலாம்.

விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லையா? "போர்டு போச்சே!" என்று பதறாதீர்கள். 24 பின் ஒயரை மாட்டியவர்கள், பிராசசருக்கான 8 பின் ஒயரை மறப்பதுண்டு. சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். ராம் அட்டைகளையும் 'கிளிக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

திரை வந்ததும் 'பயாஸ்' பகுதிக்குள் சென்று ராம் அளவு, டிஸ்க், தேதி மூன்றையும் சரிபாருங்கள். அதன் பிறகே பெட்டியை மூடுங்கள்.

அரை மணி நேரப் பொறுமை, அரை வருடச் சேமிப்பைக் காக்கும்!