தண்ணீருக்கு ஒரு வழி



உத்தனப்பள்ளியில் நமது மருத்துவமனையின் மருந்துகளும், அறுவை அறைக்கான கிருமி நீக்கிய துணிக்கட்டுகளும் தரைக்குக் கீழுள்ள அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஓசூர் வட்டாரம் குளிர்ந்த மேட்டுநிலம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழையும் அதிகம். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டவுடன் சுவர் வியர்க்கிறது. ஈரம் ஏறினால் மாத்திரைகள் இளகிக் கெடும். துணிக்கட்டின் உறை நனைந்தால் அதன் வழியே கிருமி நுழையும்; கட்டை மறுபடியும் ஆட்டோகிளேவில் வைக்கவேண்டும். ஆகையால் அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டலாகாது.

உங்கள் காணிக்கையினால் வந்த டீஹியூமிடிஃபயர் என்னும் ஈரம் நீக்கும் இயந்திரம் இதற்காகவே. அது அறைக்காற்றை இழுத்து, குளிர்ந்த குழாய்ச்சுருளின்மேல் செலுத்துகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் நீர் துளிர்ப்பதுபோல, காற்றின் ஈரம் நீராகி அடியிலுள்ள தொட்டியில் சொட்டுகிறது. தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி இயந்திரத்தை நிறுத்திவிடும். இரவுப் பணியிலிருக்கும் சகோதரி நோயாளிகளை விட்டுவிட்டுத் தொட்டியை ஊற்ற இறங்கிவர இயலாது. விடியும்போது சுவர் மறுபடியும் ஈரமாயிருக்கும்.

எனவே நீர் தானாக வெளியேற வழி வேண்டும். வெளிச் சாக்கடை தாழ்வாயிருந்தால், இயந்திரத்தை மேடைமேல் ஏற்றி, அடிக்குக் கால் அங்குலம் சரிவாகக் குழாய் போட்டால் போதும். நமது அறையோ சாக்கடையைவிடத் தாழ்ந்தது. ஆகவே ஒரு சிறிய பம்பு நீரை மேலே ஏற்றவேண்டும். ஏறிய நீர் திரும்பாதபடி குழாயில் ஒருவழி வால்வும், பம்பு பழுதானால் இயந்திரமும் நிற்கும்படி மிதவை சுவிட்சும் அவசியம். இல்லையேல் நீர் தரையில் வழியும். குழாயின் முனையைக் கழிவுநீர்க் குழாய்க்குள் செருகலாகாது. நாற்றமும் கிருமியும் ஏறிவராதபடி, இடைவெளி விட்டு மேலிருந்து விழச் செய்யவேண்டும். பாசி அடைக்கிறதா என்று மாதம் ஒருமுறை நல்ல நீர் ஊற்றிப் பார்க்கவேண்டும்.

லேவியராகமம் 14-ம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் தோஷம் தோன்றினால், உள்ளிருக்கும் பொருள்கள் தீட்டாகாதபடி முதலில் அவற்றை வெளியே எடுக்கும்படி ஆசாரியன் கட்டளையிடுகிறான். சுவரையும் பொருளையும் கவனிப்பதும் ஊழியமே.

குழாய்க்கும் பம்புக்கும் யாரும் பெயர்க்கல் பதிப்பதில்லை. ஆயினும் அவையில்லாமல் இயந்திரம் பாதி வேலையே செய்யும். அடுத்த மழைக்காலத்திற்கு முன் இப்பணி நிறைவேற ஜெபியுங்கள், இயன்றவர்கள் தாங்குங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்