சிறகும் முன்வரலாறும்

அறிவியற் புனைவுத் திரைப்படங்களில் சிறகுடைய உருவம் தோன்றுமிடத்து, அதனைத் தேவதூதரின் குறியீடு என உரைத்து அமைந்துவிடுவாருளர். தமிழ்ப் படத்திற்கு அவ்வுரை அப்படியே பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

நம் பழைய மரபில் தேவர்க்குச் சிறகில்லை. இமையாத கண்ணும், வாடாத மாலையும், நிலந்தோயாத அடியுமே அவர்தம் அடையாளங்கள். நளவெண்பாவில் தமயந்தி நளனைப் பிரித்தறிவது இவற்றைக் கொண்டே. சிறகுடைய தூதர் பிற சமயங்களின் வழியே வந்தவர். பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்திற்கு வரும் கத்தோலிக்கர்க்கு அவர் ‘சம்மனசு’. நன்மனம் எனப் பொருள்படும் ‘சுமனஸ்’ என்னும் வடசொல்லின் திரிபு அது. சிறகைப் பற்றி அச்சொல் ஒன்றும் கூறவில்லை என்பது சுவையான செய்தி!

எனினும் சிறகு நமக்குப் புதிதன்று. புள்ளினத்தின் தலைவர் நம் காப்பியங்களில் உளர். 2018ஆம் ஆண்டு வெளிவந்த சங்கரின் ‘2.0’ படத்தில் பறவையியல் அறிஞராகிய முதியவரின் பெயர் பட்சிராசன். அது கருடனுக்குரிய பெயர். ஆகவே இவரைத் தேவதூதரோடு ஒப்பிடுவதினும் கழுகின் வேந்தரோடு ஒப்பிடுதலே தகும்.

படம் தொடங்கும்போது முதியவர் ஒருவர் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு இறக்கின்றார். அவர் யாரென நாம் அறியோம். பின்னர்க் கைப்பேசிகள் திரண்டு மாபெரும் பறவையாகி மக்களைக் கொல்கின்றன. நாம் அஞ்சுகின்றோம். கதையின் பிற்பகுதியிலேயே, கைப்பேசிக் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதாக எடுத்துரைத்து அவற்றைக் காக்க அவர் முறையிட்டதும், எவரும் செவிசாய்க்காததும் விரிகின்றன. அச்சம் இரக்கமாக மாறுகின்றது. கொலைத்தொழில் புரிந்த சிறகு காவற்சிறகாகவே பிறந்தது என்பதை முன்வரலாறுதான் காட்டுகின்றது.

கம்பராமாயணத்துச் சம்பாதிப் படலம் ஈண்டு நினையத்தக்கது. தம்பி சடாயுவைக் கதிரவன் வெம்மையினின்று காத்துச் சிறகு கரிந்தவன் சம்பாதி. வானரரை எதிர்ப்பட்டபோது அவனும் தன் வரலாற்றைப் பின்னரே உரைக்கின்றான். ஆனால் அவன் வரலாறு வெளிப்படும் அப்படலத்திலேயே, வானரர் இராமன் திருப்பெயரைச் சொல்லச் சிறைகள் மீண்டும் முளைக்கின்றன. அவன் சீதை இருக்குமிடத்தையும் உணர்த்துகின்றான். கேட்டவர் பயன்பெற்றனர், சொன்னவனும் பயன்பெற்றான்.

பட்சிராசனுக்கோ வரலாறு வெளிப்பட்டபின்னும் மீட்சியில்லை. அவரைத் ‘தீய ஆற்றல்’ என வகுத்து அழிக்கின்றனர். அதற்கும் அவர்தம் அன்பே கருவியாகின்றது. புறாக்களின்மீது ஏறிவரும் சிற்றெந்திரங்கள் அப்புறாக்களைக் கொல்வதாக மிரட்ட, அவர் தளர்கின்றார். 1982ஆம் ஆண்டின் ‘பிளேடு ரன்னர்’ என்னும் ஆங்கிலப் படத்தில், இறக்கும் செயற்கை மனிதனின் கையிலிருந்து வெண்புறா விடுபட்டுப் பறக்கும். இங்குப் புறா பிணைப்பொருள். இவ்விடத்தில் படம் தன் முன்வரலாற்றுப் பகுதிக்கே மாறுபடுகின்றது என்பது என் கருத்து. இறுதியில் விஞ்ஞானி வசீகரன், முதியவரின் எதிர்ப்பு நேரியதே என அமைச்சரிடம் கூறுகின்றார். அதனைக் கேட்கப் பட்சிராசன் இல்லை.