மகள் வீட்டில் ஒரு மண்டலம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கு வரும் அன்பர்களுள் பலர், உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கும் அவசரத்தில், இடையிலுள்ள தாயுமான சுவாமி சந்நிதியில் சிறிது நேரமே நிற்கின்றனர். திருவானைக்காவில் வசிக்கும் அடியேனும் பல்லாண்டுகள் அவ்வாறு சென்றவள்தான். சென்ற ஆண்டு, சென்னையில் இருக்கும் மகளுக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்த பிறகே, அந்தச் சந்நிதியில் நெடுநேரம் நின்றேன்.

செவ்வந்திநாதர் என்னும் திருநாமமுடைய ஈசன் தாயுமானவர் ஆன வரலாறு வாசகர்கள் அறிந்ததே. இரத்தினாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியது. பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவளுடைய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் கடக்க இயலாமல் அக்கரையிலேயே தங்கிவிட்டாள். ஈசனே தாயின் வடிவில் வந்து அந்தப் பெண்ணுக்கு மருத்துவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வீட்டுக்குள் நுழைய, இரு தாயரைக் கண்டு மகள் திகைக்க, இறைவன் மறைந்தருளினார். இன்றும் சித்திரைப் பெருவிழாவில் 'செட்டிப் பெண் மருத்துவம்' நடைபெறுகிறது. சுகப்பிரசவம் வேண்டுவோர் அங்கே வாழைத்தார் காணிக்கை செலுத்துகின்றனர்.

என் மகளுக்குப் பிரசவம் அன்று. வயது 43. கருப்பையில் நார்க்கட்டிகள் வளர்ந்து, ஈராண்டுகளாக மிகுந்த உதிரப்போக்கு. இரத்தம் குறைந்து முகம் வெளுத்திருந்தது. வயிற்றைக் கீறிக் கருப்பையை அகற்றினார்கள். ஆறு வாரங்கள் பாரம் தூக்கலாகாது என்பது மருத்துவரின் கட்டளை. அடியேன் அதை ஒரு மண்டலமாகக் கணக்கிட்டுக்கொண்டு, பத்து வயதுப் பேத்தியும் ஆறு வயதுப் பேரனும் உள்ள அந்த வீட்டுக்குப் புறப்பட்டேன்.

எடுத்துச் சென்றவற்றில் முதன்மையானது பிரசவ லேகியம்! இரு பிரசவங்களுக்கும் கிண்டிக் கொடுத்த கை அல்லவா? பெண் மருத்துவர் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார். "நாட்டு மருந்து எதுவானாலும் என்னைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பத்தியம் என்று காய்கறியைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல் வந்து முக்கினால் தையலுக்குத்தான் துன்பம்." கீரையும் பழமும் நிறையத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு கொடுத்தால் சத்து சரிவர உடலில் சேராது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

நம் காலத்தில் அறுவை சிகிச்சை ஆனவரைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டோம். அதுவும் தவறாம். கால் நரம்புகளில் இரத்தம் உறையாதிருக்க, வீட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாக நடக்க வேண்டும். எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவற்றைப் பேத்தி பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

உடலைப் பார்த்துக்கொள்வது எளிதாகவே இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்வதில்தான் அடியேன் தவறினேன். வந்த மூன்றாம் நாளே அடுக்களை அலமாரிகளை மாற்றி அடுக்கினேன். குழந்தைகள் உண்ணும் நேரம், உறங்கும் நேரம் எல்லாம் என் வழக்கத்துக்கு வந்தன. மாப்பிள்ளை துணி மடிக்க வந்தபோது, "நீங்க போங்க மாப்பிள்ளை, நான் பார்த்துக்கறேன்" என்று தடுத்தேன். பேரன் ஏதாவது கேட்டால், அவன் தாய் வாய் திறக்குமுன் அடியேனே விடை சொன்னேன். உதவி என்றே அப்போது நினைத்தேன்.

எட்டாம் நாள் காலை, மிளகுப்பொடி டப்பாவைத் தேடிக் காணாமல் மகள் அடுக்களையில் நின்றாள். "அம்மா, நான் படுத்துத்தான் இருக்கேன். இது இன்னும் என் வீடுதாம்மா" என்றாள். குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

அன்று பகல் முழுவதும் மனம் ஆறவில்லை. இத்தனை வயதில் முழங்கால் வலியோடு வந்தவளுக்கு இதுவா மரியாதை என்றுகூடத் தோன்றியது. மாலையில் விளக்கேற்றும்போது தாயுமானவர் நினைவு வந்தது. அகிலத்தையே ஆள்பவர், சூலமும் சடையுமாக வந்து அவ்வீட்டை ஆளவில்லையே! அந்தப் பெண் எந்த முகத்துக்காக ஏங்கினாளோ அந்த முகத்தோடு வந்தார். தேவையான பணியைச் செய்தார். உரியவள் வந்ததும் இடத்தை விட்டு விலகினார்.

மறுநாள் அடுக்களை வாசலில் ஒரு நாற்காலி போட்டேன். மகள் அதில் அமர்ந்து சொல்லச் சொல்ல, பொருள்களைப் பழைய இடங்களுக்கே மாற்றினேன். அன்று முதல் என்ன சமைப்பது என்று அவளிடமே கேட்டேன். துணி மடிப்பது மீண்டும் மாப்பிள்ளையின் பொறுப்பாயிற்று. பள்ளிவிட்டு வரும் பேரன் ஓடிவந்து தாயின் வயிற்றில் மோதாதிருக்க, அவளைக் கட்டிலில் அமரவைத்து அருகில் அவனுக்கும் இடம் ஒதுக்கினோம். தூக்கக்கூடாதென்றால் கொஞ்சக்கூடாதென்றா பொருள்? சம்பந்தியம்மா தொலைபேசியில் அழைத்தபோதும், நான் விவரம் சொல்லாமல் மகளிடமே கொடுத்தேன். இதற்கு மட்டும் சற்றுப் பயிற்சி வேண்டியிருந்தது.

இடையில் என் இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாள் மறந்து தலைசுற்றி அமர்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதன்பின் இருவர் மாத்திரைகளையும் ஒரே தட்டில் வைத்து, மகளே என்னை அதட்டி விழுங்கவைத்தாள்.

மண்டலம் முடியும் தறுவாயில் ஓரிரவு, குழந்தைகளுக்குத் தாயுமானவர் கதையைச் சொன்னேன். பேரன் வெகுநேரம் யோசித்தான்.

"நிஜ அம்மா வந்ததும் சாமி மறைஞ்சிட்டாரா அம்மாச்சி?"

"ஆமாண்டா கண்ணு."

"அப்போ அம்மாவுக்குச் சரியானா நீங்களும் மறைஞ்சிடுவீங்களா?"

"நான் எங்கே மறையறது? கிளாம்பாக்கத்துல பஸ் ஏறித்தான் போகணும்."

"அப்படின்னா டாட்டா காட்டலாம்" என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்தான். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள், உள்ளே வந்து அவனுக்குப் போர்வையைச் சரிசெய்தாள்.