கடைக்கால் தோண்டுமுன் நிலத்தை அறிவோம்

திருப்பதியிலிருந்து திருமலைக்குப் பேருந்தில் செல்வோர் பெரும்பாலும் பள்ளத்தாக்கையே நோக்குகின்றனர். மலைப்பாதையின் மறுபுறத்தைச் சற்றுக் கவனித்தால், இருவகைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருப்பதைக் காணலாம். கீழே இருப்பது மிகத் தொன்மையான கிரானைட். மேலே, அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய நகரி குவார்ட்சைட். இவ்விரண்டும் தோன்றிய காலங்களுக்கு இடையே குறைந்தது 50 கோடி ஆண்டுகள் கழிந்துள்ளன. இந்த எல்லைக்கோட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. திருமலையின் சிலாதோரணமும் அப்பட்டியலில் உள்ளதே.

பொறியாளருக்கு இக்கோடு வெறும் காட்சிப் பொருளன்று. குவார்ட்சைட் மிகக் கடினமானது. ஆனால் நெடுகிலும் வெடிப்புகள் கொண்டது. மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே இறங்குகிறது. அடியிலுள்ள பாறை சிதைந்து அரிக்கப்படும்போது, மேலுள்ள கற்பாளங்கள் பிடிமானம் இழக்கின்றன. 2021 நவம்பரில் பெய்த பெருமழையைத் தொடர்ந்து, டிசம்பர் தொடக்கத்தில் திருமலைக்கு ஏறும் பாதையில் பாறைகள் உருண்டு விழுந்து சாலை சேதமடைந்தது. பாறையின் வலிமை ஒன்று. பாறைத் தொகுதியின் வலிமை வேறொன்று. பொறியியல் நிலவியலின் முதற்பாடம் இதுவே எனலாம்.

மலையைவிட்டுச் சமவெளிக்கு வருவோம். வீட்டுக் கடன் கோரி எங்களிடம் வருவோரின் மனைகள் இங்கேதான் உள்ளன. சித்தூர்ப் பகுதியில் கிரானைட் ஒரே சீராகச் சிதைவதில்லை. சரளையாக உதிர்ந்த மண்ணுக்குள் சிதையாத உருண்டைக் கற்கள் ஆங்காங்கே புதைந்து கிடக்கும். தூணுக்குக் குழி தோண்டும்போது ஐந்தடியில் கல் தட்டினால், ‘பாறை வந்துவிட்டது’ என்று மேஸ்திரி நிறுத்திவிடுவார். அது அடிப்பாறையா, தனிக்கல்லா என்பது மேலிருந்து பார்த்தால் விளங்காது. ஒரு தூண் கல்லின்மீதும் அடுத்த தூண் இளகிய மண்ணின்மீதும் நின்றால், இரண்டும் ஒரே அளவில் அமிழா. சில ஆண்டுகளில் சுவரில் சாய்வான விரிசல் தோன்றும்.

நீரின் செயலோ இன்னும் வியப்புக்குரியது. அதே 2021 நவம்பரின் இறுதியில், திருப்பதி ஸ்ரீகிருஷ்ணா நகரில், சிமெண்ட் உறைகள் இறக்கிக் கட்டப்பட்டிருந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியொன்று தரைக்குமேல் பல அடி உயர்ந்து நின்றது. உள்ளே தூய்மை செய்துகொண்டிருந்த பெண்மணி உயிர் தப்பினார். ஊர் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். பலர் அதிசயம் என்றனர். காரணம் எளிய கணக்கில் அடங்கும். 4 அடி விட்டமும் 25 அடி ஆழமும் கொண்டு, அடிப்பகுதி மூடப்பட்ட ஒரு தொட்டியைக் கொள்வோம். நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறிவிட்டால், அத்தொட்டியை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 9 டன் எடைக்குச் சமம். 2 அங்குலத் தடிமனுள்ள உறைகளின் மொத்த எடையோ மூன்றரை டன் அளவே. தொட்டி நிறைந்திருக்கும்வரை உள்ளிருக்கும் நீரின் எடையே அதனை அமிழ்த்தி வைக்கும். வெளியேற்றிவிட்டாலோ, சுற்றியுள்ள மண்ணின் உராய்வு மட்டுமே மிஞ்சும். நீரில் ஊறிய மணலில் அதுவும் தளர்ந்துவிடும்.

கடன் வழங்குமுன் வங்கியின் மதிப்பீட்டாளர் மனையைப் பார்வையிடுவதுண்டு. அவர் காண்பது எல்லைகள், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சந்தை மதிப்பு ஆகியவற்றை. மண்ணைத் துளைத்துப் பார்ப்பது அவர் பணியன்று. வில்லங்கச் சான்று நிலத்தின் உரிமையைச் சொல்லுமேயன்றி, அதன் தாங்குதிறனைச் சொல்லாது. வங்கி பார்த்துவிட்டது என்ற நிம்மதியில் மண் பரிசோதனையைத் தவிர்ப்பது முறையன்று. இருபது ஆண்டுகள் தவணை செலுத்த வேண்டிய வீட்டுக்கு அச்செலவு மிகச் சிறியது.

பரிசோதனையில் நிகழ்வது இதுதான்: துளையிட்டு, அதன் அடியில் ஒரு குழாயை வைத்து, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச் செய்வர். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடிகள் தேவைப்பட்டன என்பதே மண்ணின் உறுதியைக் காட்டும் எண். இளகிய மணலில் பத்துக்கும் குறைவான அடிகளே போதும். பாறை தட்டினால், அதற்குள்ளும் சில அடி துளைத்துப் பார்க்கக் கேளுங்கள்; தனிக்கல்லாயின் அடியில் மண் வெளிப்படும்.

அறிக்கையைப் பெறும்போது நிலத்தடி நீர்மட்டமும், அதை அளந்த தேதியும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மே மாதத்தில் முப்பதடி ஆழத்தில் இருந்த நீர், வடகிழக்குப் பருவமழையில் சொர்ணமுகிக் கரையோர மனைகளில் தரையை நெருங்கி வரக்கூடும். தொட்டியை வடிவமைக்கப் பொறியாளருக்குத் தேவைப்படுவது அந்த மழைக்கால அளவே. தொட்டியைக் கழுவும் வேலையைக் கோடைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.