அல்ஸ்டர்-ஸ்காட்ஸ்: யாருடைய பாஷை?

வட அயர்லாந்தில் அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் அடிக்கடி எதிர்ப்படுகிற கேள்வி: 'இதெல்லாம் ஒரு பாஷையா?' மொழியியலின் தோற்றத்தில் வருகிற இக்கேள்விக்குள் அரசியல் உட்கார்ந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

1606 முதல் தனியார் முயற்சியாகவும், 1610 வாக்கில் அரசுத் திட்டமாகவும் ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்து மக்கள் அல்ஸ்டரில் குடியேறினார்கள். அவர்களோடு வந்த ஸ்காட்ஸ், ஆங்கிலம் கிளைத்த அதே பழைய வேரிலிருந்து கிளைத்தது. அக்குளுக்கு 'ஆக்ஸ்டர்', வயலோரத்துப் பள்ளத்துக்கு 'ஷக்', பிடிவாதம் பிடிக்கிறவன் 'திரான்'. 1960களில் ராபர்ட் கிரெக் இப்பேச்சின் எல்லைகளை ஊர் ஊராக ஆராய்ந்து வரைந்தார். ஆன்ட்ரிம், டவுன், டெரி பகுதிகளோடு டோனிகாலின் கிழக்குப் பகுதியும் அதில் அடங்கும். டோனிகால் இருப்பது அயர்லாந்துக் குடியரசில். 1921இன் நாட்டுப் பிரிவினை இந்தப் பேச்சை அப்படியே குறுக்கே வெட்டிச் சென்றது.

ஒரு பேச்சு மொழியாவதற்கு ஹைன்ஸ் க்ளாஸ் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, பக்கத்து மொழியிலிருந்து வெகுதொலைவில் இருப்பது. மற்றது, எழுத்து, அகராதி, பள்ளி, அலுவலகம் வழியாக வளர்த்தெடுக்கப்படுவது. ஆங்கிலத்துக்கு இத்தனை அருகில் இருக்கிற ஒன்றுக்கு இரண்டாவது வழிதான் மிச்சம். ஆனால் யார் வளர்த்தெடுக்கிறார்கள், எதற்காக?

1998 அமைதி ஒப்பந்தம் ஐரிஷ் மொழியோடு அல்ஸ்டர்-ஸ்காட்ஸையும் குறிப்பிட்டது. 1999இல் அதற்கென ஓர் அரசு முகமை வந்தது. தேசியவாதிகளுக்கு ஐரிஷ் என்றால் யூனியனிஸ்டுகளுக்கு இது: தராசின் இரண்டு தட்டுகள். 2022ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆணையர் பதவிகளை உருவாக்கியது. ஒன்று ஐரிஷ் மொழிக்கு. மற்றொன்று 'அல்ஸ்டர் ஸ்காட்ஸ் மற்றும் அல்ஸ்டர் பிரிட்டிஷ் மரபு'க்கு. முதலாமவரிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு மொழி; இரண்டாமவரிடம் ஒரு மரபு. பேச்சு அடையாளத்தின் பின்னிணைப்பாக மாறுவதை இச்சொற்றொடரிலேயே வாசித்துவிடலாம்.

இந்த அடையாளக் கதையாடலுக்குள் ஜேம்ஸ் ஓரை (1770-1816) எங்கே வைப்பது? பாலிகேரி ஊர் நெசவாளி. அல்ஸ்டர்-ஸ்காட்ஸில் எழுதியவர்களுள் முதன்மையானவராகக் கொண்டாடப்படுகிறவர். 1798இல் ஐக்கிய அயர்லாந்தியர் பக்கம் நின்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பியவர். தோல்விக்குப் பின் அமெரிக்காவுக்குத் தப்பிப்போய்த் திரும்பியவர். அந்தக் கிளர்ச்சியைப் பற்றிய 'டோனிகோர் ஹில்' கவிதையை இதே பேச்சில்தான் எழுதினார். அவரைப் 'பிரிட்டிஷ் மரபு' என்ற பெட்டிக்குள் திணிக்க வேண்டுமென்றால் 1798ஐ வெளியே தள்ளியாக வேண்டும்.

கேலி செய்கிறவர்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அரசு வெளியீடுகளின் விநோத எழுத்துக்கூட்டலைப் பார்த்துச் சிரிக்கிறபோது, அச்சிரிப்பு முகமையோடு நிற்பதில்லை. 'ஒழுங்கா இங்கிலீஷ் பேசு' என்று குடியானவன் வீட்டுப் பிள்ளையை வாயடைத்த பள்ளிக்கூடத்தின் குரலும் அதில் கேட்கிறது. ஒரு தரப்பு இப்பேச்சைக் கொடியாக்குகிறது, மறுதரப்பு நகைச்சுவைத் துணுக்காக்குகிறது. பேசுகிறவர் இரண்டிலும் காணாமல் போகிறார்.

2021 கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 10.4 சதவீதம் பேர் இதில் தங்களுக்கு ஓரளவு பழக்கமுண்டு என்றார்கள். புரிந்துகொள்வதும் அதில் சேர்த்தி. ஆகவே இந்த எண் வீட்டுக்குள் என்ன பேசப்படுகிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது ஜேம்ஸ் ஃபென்டன் 1995இல் வெளியிட்ட 'தி ஹேம்லி டங்' போன்ற வேலை: ஆன்ட்ரிம் மக்களின் வாயில் புழங்கிய சொற்களை, அவை புழங்கிய வாக்கியங்களோடு தொகுத்த அகராதி. அதில் சொல்லுக்கு உரியவர் அதைச் சொல்கிறவர். அவர் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார், யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்ற கேள்வி எழுவதில்லை. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்குமானால் அது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெயர்ப்பலகையை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.